பெரிய தட்டு கடைய ஒரு தனித் தாங்கி

மரக் கடைசல் லேத்தின் படுகைக்கு மேல் சுழல இடம் போதாத பெரிய தட்டுகளை, தலைப்பெட்டியின் வெளிப்பக்கத்தில் பொருத்திக் கடைவார்கள். அங்கே உளித்தாங்கியைப் பொருத்தப் படுகை கிடையாது. தரையில் நிற்கும் தனித் தாங்கி வேண்டும்.

அதற்கு முதல் தேவை கனம். 60 செ.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 400 முறை சுழன்றால், விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 45 கி.மீ. தாங்கி அதிர்ந்தால் உளி மரத்தில் சிக்கித் தெறிக்கும்.

தடித்த இரும்புக் குழாயின் அடியில் மூன்று கால்களைப் பற்றவைத்தால், மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. குழாயில் உலர்ந்த மணலை நிரப்பினால் அதிர்வு அடங்கும். கால்கள்மேல் மணல் மூட்டைகளையும் அடுக்கலாம். மேல்முனையில் சிறு குழாயொன்றைப் பற்றவைத்து, உளித்தாங்கியின் தண்டை அதில் இறக்கி போல்ட்டால் இறுக்க வேண்டும். உளிமுனை சுழல்மையத்தின் உயரத்துக்கு வருவதே சரியான அளவு. மோட்டாரை ஓட்டுமுன், தட்டு தாங்கியில் உரசவில்லை என்பதைக் கையால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.