இயந்திரக் குதிரைகளின் அன்னை

மோட்டார் சைக்கிள் சங்கம் என்று சொன்னவுடன் பெற்றோருள் பலர் முகம் சுளிப்பர். காதைப் பிளக்கும் ஓசை, கண்மூடித்தனமான வேகம், இருட்டிய பின்னும் வீடு திரும்பாத மகன், கையில் செபமாலையுடன் வாசற்படியில் காத்திருக்கும் தாய் - இவையே அவர்தம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் அத்தகைய சங்கமொன்று, அதுவும் ஒரு சிற்றூர்ச் சங்கம், தன் ஊர் மாதாவின் திருமுன் தன் வண்டிகளை நிறுத்திப் பணிந்த வரலாறும் உண்டு. அன்பர்களே, அதனை அறிந்துகொள்வது நம் இல்லங்களுக்கும் பயன் தரும்.

இத்தாலி நாட்டின் வடமேற்கே பியெமோந்தே மாநிலத்தில் அலெஸ்ஸாந்திரியா என்னும் நகர் உள்ளது. 1168-ஆம் ஆண்டில் தோன்றிய இந்நகர், பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தரின் பெயரைத் தாங்கியது. அதற்குத் தெற்கே சில மைல் தொலைவில், போர்மிதா ஆற்றின் பெயரையே தன் பெயரோடு இணைத்துக்கொண்ட காஸ்தெல்லாட்ஸோ போர்மிதா என்னும் ஊர் அமைந்திருக்கிறது. ஐயாயிரம் பேர்கூட வாழாத ஊர், சுற்றிலும் வயல்வெளிகள்.

திருச்சபை வரலாற்றில் இவ்வூருக்கு முன்னரே ஓர் இடமுண்டு. பாடுகளின் சபையைத் தோற்றுவித்த புனித சிலுவைச் சின்னப்பரின் குடும்பம் இங்கேதான் வாழ்ந்தது. 1720 நவம்பரில், தமது 26-ஆம் வயதில், அலெஸ்ஸாந்திரியா ஆயரின் கையால் கறுப்பு அங்கியைப் பெற்ற அவர், இவ்வூரின் புனித சார்லஸ் ஆலயத்தை ஒட்டிய சிற்றறையில் நாற்பது நாள் தனித்திருந்து, தமது சபைக்கான ஒழுங்குகளை எழுதினார். கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று சிலுவையைப் போதித்த அப்புனிதரின் ஊரே பின்னாளில் இயந்திர வண்டிகளின் யாத்திரைத் தலமாயிற்று என்பது வியப்புக்குரியதன்றோ!

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது வட இத்தாலி வறுமையில் கிடந்தது. பாலங்கள் தகர்ந்திருந்தன, இரயில் பாதைகள் சிதைந்திருந்தன. மோட்டார் கார் செல்வந்தருக்கு மட்டுமே எட்டும் பொருள். அந்நிலையில் எளியவனுக்குக் கால்களாய் வந்தவை இருசக்கர வண்டிகளே. வெஸ்பா 1946-இலும், பின்னர் நம் நாட்டுச் சாலைகளிலும் ஓடிய லாம்பிரெட்டா 1947-இலும் வெளிவந்தன. மோட்டோ குட்ஸி நிறுவனமும் 1946-இல் 65 சி.சி. அளவுள்ள சிறிய வண்டியொன்றைச் செய்தளித்தது. தொழிலாளி ஆலைக்குச் செல்லவும், உழவன் சந்தைக்குச் செல்லவும், இளைஞன் தன் ஊர் எல்லைக்கு அப்பாலுள்ள உலகைக் காணவும் இவை வழிதிறந்தன.

அந்த 1946-ஆம் ஆண்டிலேயே காஸ்தெல்லாட்ஸோவின் மோட்டார் சைக்கிள் சங்கத்தார் தம் ஊர்த் திருத்தலத்தில் ஓட்டுநர் பேரணி ஒன்றைக் கூட்டினர். அத்திருத்தலத்து மாதாவுக்குக் ‘கிரேத்தா அன்னை’ என்று பெயர். கிரேத்தா என்றால் களிமண். இரும்பையும் பெட்ரோலையும் நம்பிப் புறப்பட்ட இளைஞர்கள், மண்ணின் பெயர் தாங்கிய அன்னையிடம் தங்கள் உயிரை ஒப்படைத்தனர். மனிதன் மண் என்பதை வேகம் மறக்கச் செய்யும். அன்னையின் பெயரோ அதை நினைவூட்டும்.

அடுத்த ஆண்டே அவர்கள் பக்திக்குத் திருச்சபையின் முத்திரை கிடைத்தது. 1947 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இவ்வன்னையை மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். லொரேத்தோ அன்னை 1920-இலேயே விமானிகளின் பாதுகாவலியாகியிருந்தார். கிசால்லோ அன்னை 1949-இல் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியானார். மனிதன் புதிய ஊர்தியைக் கண்டுபிடித்த போதெல்லாம் தாய்த் திருச்சபை அவனை விட்டுப் பின்தங்கிவிடவில்லை.

இத்தாலியர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரைச் ‘சென்தௌரோ’ என்பர். பாதி மனிதன், பாதி குதிரை எனக் கிரேக்கப் புராணம் கூறும் உருவத்தின் பெயர் அது. வண்டியும் ஆளும் ஓருடல் போல் விரைவதால் எழுந்த பெயர். ஆகவே இவ்வன்னையை மக்கள் ‘சென்தௌரிகளின் மாதா’ என்று உரிமையோடு அழைக்கலாயினர். ஆண்டுதோறும் ஜூலையில் நிகழும் இப்பேரணி பல நாட்டாரையும் ஈர்த்து வளர்ந்து, 2015-இல் தன் எழுபதாவது கூட்டத்தைக் கண்டது.

பிரான்சு நாட்டின் பிரெத்தாஞ் பகுதியிலும் இதற்கு ஒப்பான ஊரொன்று உண்டு. போர்க்காரோ என்னும் அச்சிற்றூரில், தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிய பங்குத்தந்தை ஒருவர் 1979-இல் இத்தகைய யாத்திரையைத் தொடங்கினார். முதலில் வந்தவர் மிகச் சிலரே. பின்னர் ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாளில், பல்லாயிரவர் திரளும் தலமாயிற்று அது. திருப்பலிக்குப்பின் வண்டிகள் மந்திரிக்கப்படுகின்றன. ஆலயத்தை நாடாதவன் எனப் பெயரெடுத்த இளைஞனும் தன் வண்டியோடு குருவின் முன் தலைகுனிந்து நிற்கிறான். அவன் எதை விரும்புகிறானோ அதன் வழியாகவே அவனை அணுகினார் அப்பங்குத்தந்தை.

இத்தகைய கூட்டங்களின் உள்ளத்தைத் தொடும் பகுதி, சாலையில் மாண்ட தோழர்களுக்கான செபமாகும். இரும்பு வண்டிக்கும் நினைவு உண்டு. முதலாம் உலகப் போரின்போது வான்படையில் பழகிய நண்பர் மூவர், போருக்குப்பின் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்யத் திட்டமிட்டனர். அவருள் ஜோவான்னி ரவெல்லி என்பவர் 1919-இல் விமான விபத்தில் மாண்டார். எஞ்சிய கார்லோ குட்ஸியும் ஜோர்ஜோ பரோதியும் 1921-இல் மோட்டோ குட்ஸி நிறுவனத்தைத் தொடங்கியபோது, மாண்ட நண்பரின் நினைவாகக் கழுகுச் சின்னத்தைப் பொறித்தனர். அவ்வண்டிகளில் அக்கழுகு இன்றும் உள்ளது.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. மந்திரித்த வண்டியும் கவிழும். முதற் பேரணிக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1986-இல்தான், இத்தாலியில் மோட்டார் சைக்கிளில் செல்வோர் யாவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென்ற சட்டம் வந்தது. மொபெடில் செல்லும் வயதுவந்தோருக்கு அக்கட்டாயம் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார் வாசலில் காத்திருந்து ஏமாந்தனரோ! ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் தூண்டியபோது நம் ஆண்டவர் இணங்கவில்லை. தந்தையின் பாதுகாப்பை நம்புவது வேறு. அதனைச் சோதித்துப் பார்ப்பது வேறு. செபமாலை சட்டைப் பையிலும் தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியிலும் தொங்கினால், அது பக்தியாகாது.

நம் பங்குகளிலும் புதிய வண்டி வாங்கியவுடன் ஆலய முற்றத்திற்குக் கொண்டுவந்து மந்திரிக்கிறோம். மாலை சூட்டி மகிழ்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் மந்திரித்த நீர் உலர்ந்தபின் அந்த வண்டியை ஓட்டுபவன் யார்? நம் மகன். அவனிடம், “வண்டியைத் தொடாதே” என்று சினப்பதைவிட, “நீ திரும்பி வரும்வரை விழித்திருப்பேன் மகனே, தலைக்கவசம் அணிந்து நிதானமாய்ப் போய் வா” என்று தாய் சொல்லும் சொல் அவன் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

காஸ்தெல்லாட்ஸோவின் இளைஞர்கள் ஒரு தாயைத் தேடிக்கொண்டனர். நம் இளைஞர்களுக்கோ வீட்டு வாசலில் ஒரு தாயும், ஆலயப் பீடத்தில் ஒரு தாயும் காத்திருக்கின்றனர். இருவரையும் எண்ணி வண்டியைச் செலுத்துபவன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வான்.