பியானோவை மூடிவைக்காத அறுவை மருத்துவர்

தியோடர் பில்ராத் 1829 ஏப்ரல் 26 அன்று, பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவின் பெர்கன் ஊரில் பிறந்தார். ஐந்து ஆண்பிள்ளைகளில் மூத்தவர். லூத்தரன் சபைப் போதகராக இருந்த தந்தையைக் காசநோய் கொண்டுபோனபோது அவருக்கு வயது ஐந்து. தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, எதிர்க்கரையில் இருந்த கிரைஃப்ஸ்வால்ட் நகருக்குக் குடிபோனார். பாட்டி ஒருவர் ஓப்பராப் பாடகி. குடும்பத்தில் இசைக்குக் குறைவில்லை, காசுக்குத்தான் குறைவு. பள்ளியில் மொழிப்பாடங்களும் கணக்கும் பையனுக்கு ஏறவில்லை. வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துத்தான் கரையேற்ற வேண்டியிருந்தது. பியானோ முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எழுந்திருக்க மாட்டார்.

இசையே தொழில் என்பது அவர் ஆசை. தாய்க்கு அது பயம். சொத்தில்லாத வீட்டின் மூத்த மகன் கச்சேரியை நம்பிப் பிழைப்பதா? கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் அறுவைப் பேராசிரியர் வில்ஹெல்ம் பவும் குடும்ப நண்பர். அவரும் தாயும் பேசிப் பேசி 1848இல் பில்ராத்தை மருத்துவப் படிப்பில் சேர்த்தார்கள். நோயாளிகள்மீது இரக்கம் பிறந்து மருத்துவரானவர் அல்லர் அவர், வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்தவர். முதல் பருவத்தின் பெரும்பகுதி பியானோவிலேயே கழிந்தது.

1849இல் பவும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது மாணவரையும் உடன் அழைத்துச் சென்றார். திருப்பம் அங்கேதான். உடலியங்கியல் பேராசிரியர் ருடால்ஃப் வாக்னர் அவருக்கு நுண்ணோக்கியைப் பழக்கினார். மின்திருக்கை மீனின் நரம்புகளை ஆராய டிரியெஸ்ட் வரை கூட்டிப்போனார். இசை அதனால் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவையே மயக்கிவைத்திருந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் 1850இல் கோட்டிங்கனுக்கு வந்தபோது, அவருக்குப் பியானோ வாசிக்கும் வாய்ப்பு மருத்துவ மாணவரான பில்ராத்துக்குக் கிடைத்தது. அந்தப் பூரிப்பில் தாய்க்கு நீண்ட கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே தாயும் காசநோயால் இறந்தார்.

படிப்பைப் பெர்லினில் முடித்து 1852இல் முனைவர் பட்டம் பெற்றார். வேகஸ் நரம்பை இருபுறமும் துண்டித்தால் நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பது ஆய்வுப்பொருள். பிறகு பெர்லினில் பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்தார். இரண்டு மாதமாகியும் ஒரு நோயாளிகூடக் கதவைத் தட்டவில்லை. தற்செயலாகச் சந்தித்த ஒரு நண்பர் மூலம், புகழ்பெற்ற அறுவை நிபுணர் லாங்கன்பெக்கின் உதவியாளர் பணி கிடைத்தது. நோயாளிகள் வந்திருந்தால் அவர் பெர்லினில் ஒரு சாதாரண வைத்தியராகவே காலம் தள்ளியிருக்கக்கூடும்.

1860இல் ஜூரிக் நகரில் பேராசிரியரானார். தன் துறையில் நடந்த அறுவைகளின் பலனை, இறப்புகளையும் மறைக்காமல், அச்சிட்டு வெளியிட்டது அக்காலத்தில் அரிய துணிச்சல். அதே கை அந்நகர நாளிதழுக்கு இசை விமர்சனமும் எழுதியது. நால்வர் குழுவில் சேர்ந்து வாசிப்பதற்காக, முப்பது வயதுக்கு மேல் வயோலா கற்றுக்கொண்டார். 1865இல் கச்சேரிக்கு வந்த யோஹான்னஸ் பிராம்ஸ் அங்கேதான் நண்பரானார். 1867இல் வியன்னா பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கு பில்ராத் வீட்டு இசைக்கூடல்களில் பிராம்ஸின் அறையிசைப் படைப்புகள் பலவும் அரங்கேறும் முன்பே வாசித்துப் பார்க்கப்பட்டன. 1873இல் வெளியான தன் 51ஆம் எண் படைப்பான இரு நால்வர் இசைகளையும் பிராம்ஸ் அவருக்கே காணிக்கையாக்கினார். பில்ராத்தோ அந்தக் கைப்பிரதியின் ஒரு பகுதியைக் கத்தரித்துப் பிராம்ஸ் படத்தின் கீழ் ஒட்டிவைத்தார். இசையமைப்பாளருக்கு அது ரசிக்கவில்லை. இளமையில் தானே எழுதிய இசைத்தாள்களையோ பில்ராத் தீயில் போட்டுவிட்டார். நல்ல ரசிகருக்குத் தன் எல்லை தெரிந்திருந்தது.

சென்னைவாசிகளுக்குப் பில்ராத் என்பது ஒரு மருத்துவமனையின் பெயர். அறுவை மாணவர்களுக்கு அது ‘பில்ராத் 1’, ‘பில்ராத் 2’ என்னும் இரைப்பை அறுவைகள். 1881 ஜனவரி 29 அன்று, 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பையில் புற்று அடைத்திருந்த கீழ்ப்பகுதியை அவர் வெட்டியெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு தைத்தார். பிழைத்தெழுந்த அந்தப் பெண் ஏறத்தாழ நான்கு மாதம் வாழ்ந்தார். பியானோவில் பழகிய விரல்கள் கத்தியிலும் கைகொடுத்தன என்று இதைப் பலர் அழகாகச் சொல்லிவிடுவார்கள். நம்பத் தோன்றவில்லை. அந்த அறுவைக்கு ஆண்டுகள் முன்பே அவருடைய உதவியாளர்கள் நாய்களில் இரைப்பையை வெட்டித் தைத்துப் பார்த்திருந்தார்கள். இரைப்பைச் சாற்றில் தையல் கரையுமா, புண் ஆறுமா என்ற கேள்விகளுக்கு விடை அங்கே கிடைத்தது, இசைத்தாளில் அல்ல.

இரண்டு துறைகளும் உண்மையில் சேர்ந்தது அவருடைய கடைசி ஆண்டுகளில்தான். இசையுணர்வு சிலருக்கு வாய்ப்பதும் சிலருக்கு வாய்க்காததும் ஏன் என்பதை உடலியங்கியல் கண்கொண்டு ஆராயத் தொடங்கினார். தாளம் எல்லாருக்கும் இயல்பானதா என்று அறிய, எத்தனை படைவீரர்களுக்கு நடைதாளம் கடைசிவரை பிடிபடுவதில்லை என்று ராணுவ அதிகாரிகளிடம் விசாரித்தார். இதைப் பற்றி அவர் எழுதிய நூல் முடியவில்லை. 1894 பிப்ரவரி 6 அன்று, ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள அபாட்சியாவில் அவர் இறந்தார். ‘இசையுணர்வுள்ளவர் யார்?’ என்ற அந்த நூலை, நண்பரும் இசை விமர்சகருமான எட்வர்ட் ஹான்ஸ்லிக், விட்டுப்போன குறிப்புகளிலிருந்து தொகுத்து வெளியிட்டார்.