சுளகைச் செவுத்துல மாட்டலாமா? பழைய பொருள்ல வீட்டை அழகாக்குறது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ரொம்ப பேர் கேட்ட ஒரு விஷயம். வாடகை வீடு, சின்ன ரூம், வெள்ளைச் சுவர், கையில காசு இல்ல. ஆனா வீடு பார்க்க வீடு மாதிரி இருக்கணும். என்ன பண்றது?

பதில் எல்லாருக்கும் தெரியும். பழைய பொருளை எடுத்து வேற மாதிரி பயன்படுத்துங்க. ஆன்லைன்ல ஆயிரம் வீடியோ இருக்கு. அதையே நான் திரும்பச் சொல்லப் போறதில்ல. எந்தப் பொருள் எப்படி நடந்துக்கும், எங்க உடையும், எதை வீட்டுக்குள்ள கொண்டு வரவே கூடாது, இதையெல்லாம் பேசலாம். கூடவே என் வீட்ல நடந்த ஒரு சின்ன சங்கடத்தையும் சொல்றேன். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மாவோட சுளகு

எனக்கு ஊர் முக்கூடல். திருநெல்வேலி ஜில்லா, தாமிரபரணிக் கரை. முத்துமாலை அம்மன் கோவிலைத் தெரிஞ்சவங்களுக்கு ஊரும் தெரியும். தெரியாதவங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லணும்னா, பீடி. எங்க பக்கம் வீட்டுத் திண்ணையில பெண்கள் மடியில சுளகை வச்சுக்கிட்டு பீடி சுத்துறது சாதாரணக் காட்சி. முறம்னு நீங்க சொல்றதைத்தான் நாங்க சுளகுங்கோம். எங்கம்மாவும் சுத்தினாங்க. நான் படிச்சது அந்தக் காசுலதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில வீடு எடுத்தப்போ, சுவர்ல மாட்டுற பின்னல் தட்டு ஆன்லைன்ல விக்கிறதைப் பார்த்தேன். விலையைப் பார்த்துட்டு மூடிட்டேன். அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ பரண்ல கிடந்த ஒரு பழைய சுளகை எடுத்துட்டு வந்து மாட்டினேன். ஓரம் பிரிஞ்சு, பச்சை பிளாஸ்டிக் வயரால ஒரு பக்கம் கட்டியிருந்துச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "செம்மையா இருக்கு, எங்க வாங்கின?"ன்னாங்க. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் அம்மா வந்தாங்க. ஹால்ல நுழைஞ்சதும் அதைப் பார்த்துட்டு நின்னுட்டாங்க. "ஏட்டி, இதப் போயி மாட்டி வச்சிருக்க? வாரவங்க போறவங்கல்லாம் பாப்பாவல்லா. நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டக்கூடாதா?"

எனக்கு அலங்காரமாத் தெரிஞ்சது, அவங்களுக்குக் கஷ்ட காலத்தோட அடையாளம். நாலு பேர் பார்க்கக்கூடாதுன்னு பரண்ல ஏத்தி வச்ச பொருளை நான் ஹால்ல மாட்டியிருக்கேன். அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்தக் கதையைக் கடைசியில முடிக்கிறேன். முதல்ல வேலையைப் பார்ப்போம்.

ஒண்ணு: கிழிஞ்ச கோரைப்பாய்

எங்க ஊருக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம், சேரன்மகாதேவி தாண்டினா பத்தமடை. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு வாங்கின பொருள். கோரையை அறுத்து, காய வச்சு, தண்ணியில ஊறப்போட்டு, மெல்லிசாக் கிழிச்சு, நூல் பாவுல ஒவ்வொண்ணாக் கோத்து நெய்யிறாங்க. ரொம்ப மெல்லிசான ரகத்துக்குப் பட்டுப்பாய்னு பேரு. துணி மாதிரி மடங்கும். கல்யாணத்துக்குன்னு சொன்னா, மாப்பிள்ளை பொண்ணு பேரையும் பாயிலயே நெஞ்சு தருவாங்க.

பாய் எங்க கிழியும்னு கவனிச்சிருக்கீங்களா? எப்பவும் மடிப்புலதான். கோரை காய்ஞ்ச புல். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப மடிச்சா ஒடியும். அதனாலதான் பாயை மடிக்காம சுருட்டச் சொல்றாங்க. நமக்கு இதுல ஒரு லாபம் இருக்கு. மடிப்பு போனாலும் ரெண்டு மடிப்புக்கு நடுவுல உள்ள பகுதி நல்லாவே இருக்கும்.

அதை அப்படியே கத்தரியால வெட்டிராதீங்க. குறுக்க ஓடுறது கோரை, நெடுக ஓடுறது நூல். நூலை வெட்டின நிமிஷமே கோரை ஒவ்வொண்ணா உருவிட்டு வந்துரும். அதனால வெட்டப் போற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் முதல்ல தையல் போடணும். தையல்காரர்கிட்ட கொடுத்தா மிஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டித் தருவார். அப்புறம் நடுவுல வெட்டி, பழைய சேலை பார்டரை ஓரத்துல மடிச்சுத் தச்சுட்டா முடிஞ்சது. சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு, புத்தக அலமாரிக்குத் திரை, சுவருக்கு ஒரு தொங்கல், எது வேணும்னாலும் பண்ணலாம்.

ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காய வைங்க. வெயில்ல போட்டா சாயம் வெளுக்கும், கோரை மொறுமொறுன்னு ஆயிரும். உங்க வீட்ல அப்பா அம்மா கல்யாணப் பாய் கிழிஞ்சு கிடந்தா, பேர் நெஞ்ச பகுதியை மட்டும் இப்படி எடுத்து ஒரு ஃப்ரேம்ல போடுங்க. எந்தக் கடையிலயும் அது கிடைக்காது. ஆனா கத்தரியை எடுக்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டுருங்க.

ரெண்டு: காட்டன் சேலை

கிழிஞ்ச காட்டன் சேலையைப் பின்னி மிதியடி பண்ணலாம். சேலை அஞ்சரை மீட்டர் நீளம். ஒரு ஓரத்துல ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்து கையால இழுத்தா, காட்டன் நூல் வாக்குல நேரா கிழிஞ்சுட்டுப் போகும். ஒரு சேலையில ஏறக்குறைய இருபது பட்டை வரும். மூணு பட்டையைச் சேர்த்து ஜடை பின்ற மாதிரி பின்னணும். ஒரு பட்டை முடிஞ்சா அடுத்ததை முடிச்சுப் போடாம தச்சு ஒட்டுங்க, முடிச்சு காலை உறுத்தும். பின்னின கயிறை நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்தி, ஒவ்வொரு சுத்தையும் முந்தின சுத்தோட தச்சுட்டே வரணும். ரொம்ப இறுக்கித் தச்சா நடுவுல குழி விழுந்து தொப்பி மாதிரி ஆயிரும். தரையில தட்டையா வச்சுக்கிட்டே தச்சா அந்தத் தொல்லை வராது.

சிந்தெடிக் சேலை நேரா கிழியாது, கத்தரிதான் வேணும். இன்னொரு முக்கியமான விஷயம், சிந்தெடிக் துணியை விளக்கு, அடுப்பு, அயர்ன்பாக்ஸ் பக்கத்துல எதுக்கும் பயன்படுத்தாதீங்க. தீப்பட்டா உருகி ஒட்டிக்கும்.

மூணு: பழைய பேப்பரும் வெந்தயமும்

இது உங்க ஆச்சி காலத்து வேலை. பழைய பேப்பரைக் கூழாக்கி, வெந்தயம் அரைச்சுச் சேர்த்துப் பெட்டி செய்றது. தமிழ்நாட்டுல பல வீடுகள்ல இருந்த பழக்கம். வெந்தயம் எதுக்கு? ஊறின வெந்தயம் கொழகொழன்னு பசை மாதிரி பிடிக்கும், கசப்புக்குப் பூச்சியும் அண்டாதுன்னு பெரியவங்க சொல்வாங்க.

ஒரு வாரத்து நியூஸ்பேப்பரைச் சின்னதாக் கிழிச்சு ரெண்டு மூணு நாள் ஊற வைங்க. தினமும் தண்ணியை மாத்தணும், இல்லன்னா நாத்தம் அடிக்கும். பிழிஞ்சு எடுத்து, ரெண்டு கைப்பிடி ஊறின வெந்தயத்தை அரைச்சு ஊத்தி, சப்பாத்தி மாவு மாதிரி நல்லா பிசையணும். அந்தக் காலத்துல உரல்ல இடிச்சாங்க. நம்ம கைக்கும் கொஞ்சம் எக்சர்சைஸ் ஆகட்டும். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, மேல ஈரத்துணி போட்டு, அரை விரல் கனத்துக்குக் கூழை அப்புங்க. முதல் நாள் நிழல், அப்புறம் நல்ல வெயில். தானா கழண்டு வரும். முழுசா காய நாலஞ்சு நாள் ஆகும். ஐப்பசி கார்த்திகையில இதைத் தொடாதீங்க, பூஞ்சை பிடிக்கும்.

சாவி, சீப்பு, வெங்காயம் பூண்டு போட்டு வைக்கலாம். சமைச்ச சாப்பாடு வேண்டாம், பேப்பர்ல மை இருக்கு.

எதை எடுக்கக் கூடாது

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பீடி சுத்தறதுக்கு தெந்து இலை வரும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா மாதிரி இடங்கள்ல காட்டுல பறிக்கிற இலை. அதை நனைச்சுப் பதமாக்கி, தகடு வச்சு அளவாக் கத்தரிப்பாங்க. மிச்ச ஓரம் குப்பை. நரம்பு நரம்பா அழகா இருக்கும். அதைக் கோத்து தோரணம் கட்டினா என்னன்னு ஒரு பை நிறைய கொண்டு வந்தேன்.

ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, காய்ஞ்ச இலை தொட்டா நொறுங்கும். இன்னொண்ணு பெருசு. பீடி சுத்துற வீட்ல இலை, தட்டு, சாக்கு எல்லாத்துலயும் புகையிலைத் தூசி படிஞ்சிருக்கும். ரூமைப் பூட்டிட்டு ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா அந்த வாசனை. இருமல். குழந்தை இருக்கிற வீடா இருந்தா யோசிச்சுப் பாருங்க. பையோட வெளியே போட்டேன். சுளகையும் அதுக்கப்புறம்தான் ஒழுங்கா சுத்தம் பண்ணினேன். மொட்டை மாடியில, மாஸ்க் போட்டுக்கிட்டு, பிரஷ்ஷால பின்னல் இடுக்கெல்லாம் தட்டி, ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காய வச்சேன்.

பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, ரசாயனம் இருந்த கேன் இதெல்லாமும் வேண்டாம். எவ்ளோ கழுவினாலும் அது செடி வைக்கிற தொட்டி இல்ல.

அப்புறம் இந்த ஸ்ப்ரே பெயின்ட், கிளிட்டர், க்ளூ கன். சுளகு, ஓலைப்பெட்டி, சிரட்டை இதெல்லாம் மக்கிப் போற பொருள். அது மேல பிளாஸ்டிக் பெயின்ட்டைப் பூசினா, மண்ணுக்குப் போக வேண்டியதை நாமளே குப்பைமேட்டுக்கு அனுப்புறோம். சிரட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சாலே பளபளன்னு இருக்கும்.

மலிவுன்னா யாருக்கு மலிவு?

பழைய பொருள் மலிவாக் கிடைக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அது யாருக்கும் வேண்டாத பொருள். கிழிஞ்ச சேலை, பழைய பேப்பர், சிரட்டை. அதைத் தாராளமா எடுங்க. இன்னொண்ணு, அதைச் செஞ்சவங்களுக்குக் கூலி குறைவு. புதுப் பாயும் புது ஓலைப்பெட்டியும் மலிவா இருந்தா, அது பெரும்பாலும் ரெண்டாவது காரணம். அதுல போய் பத்து ரூபாய் குறைச்சு வாங்கிட்டு, "பட்ஜெட் டெகார்"னு ரீல் போடுறதுல அர்த்தமில்ல. சேலையைப் பின்னி மிச்சம் பண்ணின காசை, பாய் நெய்யிறவங்ககிட்ட பேரம் பேசாம கொடுங்க. என் கணக்கு அவ்ளோதான்.

பழசுக்கு விலை ஏறுறதும் நடக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல செட்டிநாட்டு வீட்டுச் சாமான் விக்கிற கடைகளைப் பார்த்திருப்பீங்க. எனாமல் தட்டு, மரத்தூண், பழைய கண்ணாடின்னு ஒரு காலத்துல வீட்டைப் பிரிச்சப்போ வெளிய வந்த சாமான். இப்போ அதைத் தேடி வெளியூர்ல இருந்து வர்றாங்க. அதனால அங்க போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பரணைப் பாருங்க. தெருமுனை இரும்புக்கடையைப் பாருங்க.

சுளகுக் கதையோட மிச்சம்

அம்மா அன்னைக்குச் சொன்னதும் நான் சுளகைக் கழட்டி உள்ள வச்சுட்டேன். வேற என்ன பண்றது? அது அவங்க பொருள், அவங்க வாழ்க்கை. எனக்கு அழகாத் தெரியுதுங்கிறதுக்காக அவங்க கூச்சப்படணுமா?

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்தேன். அம்மா தரையில உட்கார்ந்து அந்தச் சுளகோட ஓரத்தைப் பிரிச்சுக் கட்டிட்டு இருந்தாங்க. பச்சை வயரை எடுத்துட்டு, என் மிதியடியில மிச்சமான சேலைத் துணியை வச்சு இறுக்கிக் கட்டியிருந்தாங்க. "இதுல எத்தன ஆயிரம் சுத்திருப்பேன் தெரியுமா"ன்னாங்க. எண்ணிக்கை சொல்லல. ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னுதான் கூலி. அந்தக் கணக்குலயே ஓடின காலம்.

"யாராவது கேட்டா என்ன சொல்லுவ?"ன்னு கேட்டாங்க.

"எங்கம்மா பீடி சுத்துன சுளகுன்னு சொல்லுவேன்"னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் எந்திரிச்சு, ஜன்னலுக்கு எதிர்ல நான் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்துட்டு, "அங்கன வெயில் படும். நாரு ஒடிஞ்சு போகும். இந்தப் பக்கம் மாட்டு"ன்னாங்க.

இப்போ அந்தப் பக்கம்தான் இருக்கு. ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார், சுளகு லேசான பொருள், ஒட்டுற ஹூக்கே தாங்குது.

இந்த வாரம் உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னு பாருங்க. எடுக்குறதுக்கு முன்னாடி, அது யாரோடதுன்னு கேட்டுட்டு எடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.