பதிப்பைப் பிணித்தல்: டெராஃபோம் கருவியை முன்வைத்து ஒரு விளக்கம்

கணினி வழங்கிகளையும் அவற்றை இணைக்கும் வலையமைப்பையும் கையால் ஒவ்வொன்றாக அமைக்காது, வேண்டியவற்றைக் கோப்பில் எழுதிக் கருவியொன்றிடம் ஒப்படைக்கும் முறை இன்று பெருவழக்காகியுள்ளது. கோப்பு மாறாதவரை விளைவும் மாறாது என்பது இம்முறைபற்றிய பொதுவான நம்பிக்கை. அது அரைகுறையானது என்பதே எமது கருத்து. கோப்பை வாசிப்பது கருவி; கருவியோ பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவது.

ஹாஷிகோர்ப் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட டெராஃபோம் இதற்குத் தக்க சான்றாகும். 2019 மே மாதத்தில் வந்த 0.12 ஆம் பதிப்பு அதன் மொழியமைப்பையே மாற்றியது. பழைய கோப்புகள் பலவற்றைத் திருத்தவேண்டியதாயிற்று. எனினும், பெரிய மாற்றங்கள் முன்னறிவிப்புடன் வருவன. சிறியனவே கூட்டுவேலையைக் குழப்பின. இக்கருவி தான் அமைத்தவற்றை நிலைக்கோப்பு ஒன்றிலே பதிந்துவைக்கும். இறுதியாக அதனை எழுதிய பதிப்பின் எண்ணும் அங்கிருக்கும். அக்காலத்தில் குழுவில் ஒருவர் 0.12.24 கொண்டு ஒருமுறை மாற்றம் செய்துவிட்டால், 0.12.23 வைத்திருந்த ஏனையோருக்கு அந்நிலைக்கோப்பு திறவாது. ஒருவரது கணினியில் நிகழ்ந்த தற்செயலான புதுப்பிப்பு, கலந்தாலோசனை எதுவுமின்றி, அனைவரையும் கட்டுப்படுத்தும் தீர்மானமாயிற்று.

பரிகாரம் இரு பகுதிகளைக் கொண்டது. இரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் பரவலாக உண்டு. ஏற்கத்தக்க பதிப்பெல்லையைக் குறிக்கும் வரி, பொருந்தாததை மறுக்குமேயன்றிப் பொருந்துவதைத் தேடித் தராது. தேடித் தருவது டிஎஃப்என்வ் போன்ற துணைக்கருவி. திட்டத்தோடு வைக்கப்பட்ட சிறு கோப்பிலுள்ள எண்ணைப் படித்து அப்பதிப்பையே அது இறக்கி இயக்கும். தன்னியக்கமாக வேலைசெய்யும் இயந்திரமும் அதே கோப்பையே படித்தல் வேண்டும். எண்ணை ஈரிடங்களில் எழுதினால், ஓரிடத்தில் திருத்த மறந்துபோவது திண்ணம்.

0.14 முதல் நிலைக்கோப்பின் இறுக்கம் தளர்ந்தது. 2021 யூனில் வந்த 1.0 பொருந்துகைக்கு உறுதியும் அளித்தது. பிணித்தல் இனி வேண்டாத கவலையெனப் பலர் எண்ணினர். ஆயின், 2023 ஓகஸ்டில் நிறுவனம் திறந்த உரிமத்தைக் கைவிட்டு, போட்டி வணிகத்துக்கு வரம்பிடும் உரிமத்தை அறிவித்தது. பழைய உரிமத்தின் இறுதி வரிசை 1.5. அதில் பிணித்திருந்தோர் செல்லும் வழியை ஆறுதலாகத் தீர்மானித்தனர். 'அண்மைய பதிப்பு' என்று மாத்திரம் எழுதியிருந்தோரிடம் புதிய உரிமம் தானாகவே வந்து சேர்ந்தது.

உரிமமாற்றத்தை ஏற்காதோர் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்டோஃபு என்னும் கிளையைத் தொடங்கினர். 2024 சனவரியில் வந்த அதன் முதற் பதிப்பும் 1.6 என்றே எண்ணிடப்பட்டது. எனவே எண் மட்டும் போதாது. எக்கருவியின் எண் என்பதும் எழுதப்படவேண்டும். ஓப்பன்டோஃபு 1.7 நிலைக்கோப்பை மறைகுறியாக்கும் வசதியைத் தந்தது. அவ்வாறு மறைக்கப்பட்ட கோப்பை டெராஃபோம் வாசிக்காது.