கணக்குப் பட்டம்: சேரும்போதே கணக்குப் போடுங்கள்!

"மகள் பி.எஸ்சி. கணக்கு எடுத்திருக்கிறாள்" என்று சொல்லும்போது, பீன்யாவில் லேத் ஓட்டும் தந்தைக்கும் பெருமை, ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் பெருமை. "எந்த செமஸ்டரில் என்ன பாடம்?" என்று கேட்டால்தான் பதில் வராது. "அதெல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். கல்லூரி பாதியைத்தான் பார்த்துக்கொள்ளும். மீதியை வீட்டில் உட்கார்ந்து திட்டமிட வேண்டும்.

எத்தனை ஆண்டு?

கர்நாடகத்தில் 2021-ம் ஆண்டு நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்தது. 2024 மே மாதத்தில் மாநில அரசு மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. பல்கலைக்கழக மானியக்குழுவின் திட்டப்படி மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. பாட வகுப்பில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம். எந்தக் கல்லூரியில் எத்தனை ஆண்டு என்று விண்ணப்பம் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டு கூடினால் ஓராண்டுச் சம்பளமும் தள்ளிப்போகும்.

எதன் பின் எது?

கணக்கில் ஒரு பாடத்தின் தோளில்தான் இன்னொரு பாடம் நிற்கிறது. முதலில் வகையீடும் தொகையீடும். அதன் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள், மெய்யெண் பகுப்பாய்வு. அதையும் தாண்டிக் கலப்பெண் பகுப்பாய்வு. இன்னொரு பக்கம் அணிகள். அதிலிருந்து நேரியல் இயற்கணிதம், குலக் கோட்பாடு.

பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளும் மெய்யெண் பகுப்பாய்வில் திணறுவது உண்டு. அதுவரை விடை கண்டுபிடித்தால் போதும். இங்கே ஏன் என்று நிரூபிக்க வேண்டும். எனவே முதலாண்டிலேயே நிரூபணம் எழுதிப் பழக வேண்டும். அந்தப் பாடம் வரும் செமஸ்டரில் வேறு கடினமான பாடத்தை விருப்பப் பாடமாகச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

அடிப்படைப் பாடத்தில் அரியர் விழுந்தால், அடுத்த பாடம் வகுப்பில் புரியாது. ஜோலார்ப்பேட்டையில் இணைப்பு வண்டியைத் தவறவிட்டவர் கதைதான்!

பின்னாலிருந்து பாருங்கள்

படிப்பு முடிந்து எங்கே போவது என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' நுழைவுத் தேர்வு உண்டு. அது பிப்ரவரியில் நடக்கிறது. அதாவது மூன்றாம் ஆண்டு முடிவதற்கு முன்பே! பகுப்பாய்வும், நேரியல் இயற்கணிதமும், குலக் கோட்பாடும் அதில் கேட்கப்படும். கல்லூரியில் இவற்றில் ஒன்று கடைசி செமஸ்டரில் வருவதாக இருந்தால், முன்கூட்டியே சொந்தமாகப் படித்து வைக்க வேண்டும்.

மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இன்னொரு வழி. பட்டப் படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தவர் எழுதலாம். கணிதப் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். கணிதத்தோடு எந்தப் பாடத்தைச் சேர்ப்பது என்று கல்லூரியில் கேட்பார்கள். அந்த ஒரு நாளில் போடும் 'டிக்' குறிதான் பின்னால் இதைத் தீர்மானிக்கிறது.

ஆசிரியராக விரும்புபவர் மூன்றாண்டுப் பட்டத்தின் மேல் இரண்டாண்டு பி.எட். படிக்க வேண்டும். கம்பெனி வேலைக்குப் போகிறவர் நிகழ்தகவு, புள்ளியியல், கம்ப்யூட்டர் புரோகிராம் மூன்றையும் விட்டுவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை வாங்குங்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு செமஸ்டருக்கும் பாடங்களை எழுதுங்கள். எந்தப் பாடத்துக்கு எது அடிப்படை என்று கோடு இழுங்கள். எழுதப்போகும் தேர்வின் மாதத்தை ஓரத்தில் குறியுங்கள். பிறகு கல்லூரிக் கணித ஆசிரியரிடம் காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள்.

தந்தைக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கூட உட்கார்ந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலைதான் இது.