சாக்கு விலையைக் கிலோவில் கேளுங்க

இரசாயன உரத்தை விட்டுவிட்டோம். அறுவடை நாளில் களத்துக்கு வரும் வெள்ளைச் சாக்கை மட்டும் இன்னும் விட முடியவில்லை. பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் புரொப்பிலீன் வாயுவிலிருந்து செய்வது. அதனால்தான் எண்ணெய் விலை ஏறினால், கொஞ்ச நாளில் சாக்கு விலையும் ஏறுகிறது. முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் அது இந்தப் பிளாஸ்டிக்தான்.

தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைவு. ஈரம் உறிஞ்சாது. சுமார் 160 டிகிரி சூட்டில்தான் உருகும். ஆனால் வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு இழை முறிந்து, சில மாதத்தில் தொட்டாலே உதிரும். மக்கிப்போச்சுன்னு நினைச்சிடாதீங்க. துணுக்குத் துணுக்காக நம்ம மண்ணில்தான் கிடக்கும். மடைக்கு மணல் மூட்டை, காய்கறி வளர்க்க மண் மூட்டை என்று பழைய சாக்கை வெயிலில் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். சாக்கை எண்ணிக்கைக் கணக்கில் வாங்குவதுதான் நம் வழக்கம். 100 கிராம் சாக்கு 15 ரூபாய், 80 கிராம் சாக்கு 14 ரூபாய் என்று வையுங்கள். ஒரு ரூபாய் மிச்சம் போலத் தெரியும். கிலோவுக்குப் பார்த்தால் முதலாவது 150 ரூபாய், இரண்டாவது 175 ரூபாய். மெலிந்த சாக்கு சீக்கிரம் கிழியும், சீக்கிரம் உதிரும்.

பழைய விலை தெரிய, பழைய பில்தான் முதல் சாட்சி. உங்களிடம் இல்லாவிட்டால் உழவர் குழுவின் கொள்முதல் கோப்பில் இருக்கும். தேதி, ஒரு சாக்கின் எடை, வரியும் வண்டி வாடகையும் நீங்கிய விலை, மூன்றையும் குறித்துக் கிலோ விலை போடுங்கள்.

அடுத்து, மத்திய அரசின் பொருளாதார ஆலோசகர் அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டைப் பாருங்கள். அதில் பிளாஸ்டிக் மூலப்பொருளுக்குத் தனி வரி உண்டு. ஓர் அடிப்படை ஆண்டை 100 ஆக வைத்த வரிசை அது; ரூபாய்க் கணக்கு இல்லை. 120 என்பது 132 ஆகியிருந்தால் 10 சதவீத ஏற்றம். அதே காலத்தில் உங்கள் சாக்கின் கிலோ விலை 25 சதவீதம் ஏறியிருந்தால், வியாபாரியிடம் காரணம் கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்கிறது. பத்து பேர் சேர்ந்து கேட்டால் விலை இன்னும் இறங்கும்.

கனமான சாக்காக வாங்குங்க. உதறி, காயவைத்து, நிழலில் மடித்து வையுங்க. கிழிந்ததைக் கொளுத்தாமல் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போடுங்க. வயலுக்குள் மட்டும் விட வேண்டாம்.