தனியார் விளைநிலத்தில் காட்டுப்பன்றி வேட்டை: இரண்டு அனுமதிகள்

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலைகள் நெடுமங்காடு, விதுரை, பாலோடு, காட்டாக்கடை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைகின்றன. 1958-இல் அமைந்த நெய்யாறு சரணாலயமும் 1983-இல் அமைந்த பேப்பாறை சரணாலயமும் இப்பகுதியில் உள்ளன. சரணாலய எல்லை முடியும் இடத்திலேயே மரவள்ளி, வாழை, சேனை, சேம்பு, இரப்பர் ஆகியவை பயிராகும் சிறு நிலங்கள் தொடங்கிவிடுகின்றன. இந்நிலங்களில் அண்மை ஆண்டுகளில் பெரும் சேதம் விளைவித்து வரும் விலங்கு காட்டுப்பன்றியாகும்.

யானையைப் போலன்றிக் காட்டுப்பன்றி காட்டை நம்பி வாழ வேண்டிய அவசியம் இல்லை. கைவிடப்பட்ட தோட்டத்தின் புதரே அதற்குப் போதுமானது. அது கூட்டமாக இரவில் வருகிறது. கிழங்குகளை வேரோடு கிளறிவிடுகிறது. ஓரிரவில் ஒரு குடும்பத்தின் பருவ வருமானம் அழிந்துபோவதும் உண்டு. ஆகவே, சுட்டுக் கொல்ல அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை விவசாயிகளிடமிருந்து தொடர்ந்து எழுந்து வருகிறது. இக்கோரிக்கையில் இரு கேள்விகள் அடங்கியுள்ளன. விலங்கைக் கொல்ல அனுமதி தருபவர் யார்? பிறருடைய நிலத்தில் துப்பாக்கியுடன் நுழைய அனுமதி தருபவர் யார்? இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல குழப்பங்களுக்குக் காரணமாகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

1912-ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ளும் நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வதற்கு விலக்களித்திருந்தது. பயிரைக் காக்கச் சுட்ட குடியானவர் அக்காலத்தில் எவரிடமும் ஆணை பெற வேண்டியிருக்கவில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அச்சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றிலுமாகத் தடை செய்துவிடவில்லை. உரிமம் பெற்றுச் சிலவகை விலங்குகளை வேட்டையாட அது இடமளித்தது. அரசுக்குச் சொந்தமல்லாத நிலத்தில் உரிமையாளர், அவருடைய முகவர் அல்லது சட்டப்படி அனுபவத்தில் வைத்திருப்பவரின் சம்மதமின்றி வேட்டையாடலாகாது என்ற விதியும் அதில் இடம்பெற்றிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிம முறையையே நீக்கிவிட்டது. பொழுதுபோக்கு வேட்டை அத்துடன் முடிவுற்றது.

இன்று எஞ்சியுள்ள முக்கிய வழி 11-ஆம் பிரிவாகும். மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஒரு விலங்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர் கருதினால், காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஆணையிடலாம். குறிப்பிட்ட பகுதியில் அவ்விலங்கையோ விலங்குக் கூட்டத்தையோ வேட்டையாட எவரையும் அவ்வாணை அனுமதிக்கலாம். பயிர்ச் சேதத்தைக் காரணமாகக் காட்டும் இவ்வழி முதல் அட்டவணை விலங்குகளுக்குப் பொருந்தாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. எனவே அதற்கு இவ்வழி பொருந்தும்.

62-ஆம் பிரிவின்கீழ் ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்திற்குத் தீங்குயிரி என்று மத்திய அரசு அறிவிப்பதும் உண்டு. பீகாரில் 2015-லும் உத்தராகண்டில் 2016-லும் காட்டுப்பன்றி அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கேரளம் பலமுறை கோரியும் அதற்கு அத்தகைய அறிவிப்பு கிடைக்கவில்லை. கட்டுப்பாடின்றிக் கொல்ல இடமளித்தால் தீமையே மிகும் என்பது மத்திய அரசின் நிலைப்பாடாக இருந்தது.

ஊராட்சியின் கையில் அதிகாரம்

தீங்குயிரி அறிவிப்பு கிடைக்காத நிலையில் கேரளம் 11-ஆம் பிரிவையே விரிவாகப் பயன்படுத்த முற்பட்டது. துப்பாக்கி உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தயாரித்து அவர்களை அனுமதிக்கும் முறை 2020-இல் ஊக்கம் பெற்றது. தங்கள் நிலத்தில் புகும் பன்றியைச் சுட அனுமதி கேட்டு வழக்குத் தொடுத்த விவசாயிகள் சிலருக்கு 11-ஆம் பிரிவின்கீழ் அனுமதி வழங்குமாறு கேரள உயர்நீதிமன்றம் 2021 ஜூலையில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

2022 மே மாதத்தில் மாநில அரசு மேலும் ஒரு படி முன்னேறியது. ஊராட்சித் தலைவர்களும், நகராட்சி, மாநகராட்சித் தலைவர்களும் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக அறிவிக்கப்பட்டனர். செயலாளர்கள் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்களாயினர். விவசாயி முறையிட்டால், தொலைவிலுள்ள வன அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திராமல், உள்ளாட்சித் தலைவரே ஆணை வழங்கலாம் என்ற நிலை உருவாயிற்று. நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டன. மனிதர்க்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் பிற வன விலங்குகளுக்கும் ஊறு நேராதிருக்க வேண்டும் என்றும், கொல்லப்பட்ட பன்றிகளின் விவரத்தையும் உடல் அகற்றப்பட்ட விவரத்தையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. முதலில் ஓராண்டுக்கு வழங்கப்பட்ட இவ்வதிகாரம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

தமிழ்நாடு வேறு பாதையைத் தேர்ந்தது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக் காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் அதிகாரத்தை ஊராட்சிக்குப் பகிர்ந்தளித்தது. தமிழ்நாடு துப்பாக்கியை வனத்துறையிடமே வைத்துக்கொண்டது.

நிலத்தின் சம்மதம் ஏன் வேண்டும்?

ஊராட்சித் தலைவரின் ஆணை விலங்கைப் பற்றியது. அது வேட்டைத் தடையிலிருந்து விலக்களிக்கிறது, அவ்வளவே. அயலாரின் தோட்டத்தில் நுழையும் உரிமையை அது தானாகவே அளித்துவிடுவதில்லை. நிலத்தை அனுபவிப்பவரின் விருப்பத்திற்கு மாறாக நுழைவது உரிமையியல் சட்டப்படி அத்துமீறலாகும். சூழ்நிலைக்கேற்பக் குற்றமாகக் கருதப்படுவதற்கும் இடமுண்டு. கவனக்குறைவான ஒரு குண்டினால் உயிரிழப்பு நேர்ந்தால், சுட்டவர் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ்ப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேரளத்தில் இச்சிக்கல் மிகவும் கூர்மையானது. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் சராசரி நிலவுடைமை 0.18 எக்டேர் மட்டுமே. பன்றிக் கூட்டம் ஓரிரவில் பல உரிமையாளர்களின் நிலங்களைக் கடந்து செல்லும். ஒருவர் நிலத்தில் மேயும் பன்றி மற்றொருவர் நிலத்தில் பதுங்குகிறது. மூன்றாமவர் நிலத்தில் சுடப்படுகிறது. பதுங்கும் நிலம் பெரும்பாலும் உரிமையாளர் ஊரில் இல்லாத, களையெடுக்கப்படாத தோட்டமாக இருப்பது இயல்பு. பயிரை இழப்பவர் ஒருவர், பன்றிக்குப் புகலிடம் தருபவர் வேறொருவர் என்பதால், பொருளியல் கூறும் புறவிளைவுக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். தனி ஒருவரின் சம்மதம் இங்குப் போதாது. அக்கம்பக்கத்தார் அனைவரின் சம்மதமும் தேவைப்படுகிறது.

குத்தகைக்கு நிலத்தை எடுத்துப் பயிரிடுவோரின் நிலை தனிக் கவனத்துக்குரியது. சேதத்தைச் சுமப்பவர் அவரே. எனினும் பல இடங்களில் வாய்மொழிக் குத்தகையே நிலவுவதால் அவரிடம் எழுத்துச் சான்று இருப்பதில்லை. இங்கிலாந்தில் 1880-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, முயல்களைப் பிடிக்கும் உரிமையை நிலக்கிழாருக்கு மட்டுமின்றி நிலத்தை அனுபவிக்கும் உழவருக்கும் வழங்கியது; ஒப்பந்தத்தால்கூட அவ்வுரிமையைப் பறிக்க இயலாதவாறு அது அமைந்தது. ஜெர்மனியில் வேட்டை உரிமை நிலவுடைமையோடு இணைந்தது. 75 எக்டேருக்குக் குறைந்த சிறு நிலங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டுக் கூட்டாக அவ்வுரிமை நிர்வகிக்கப்படுகிறது. இந்தியச் சட்டமோ வேட்டை உரிமையை நிலவுடைமையோடு இணைக்கவில்லை. 11-ஆம் பிரிவின்கீழ்க் கொல்லப்பட்ட விலங்கும் மாநில அரசின் சொத்தாகும். ஆகையால் நிலவுடைமையாளர் சம்மதம் தரலாமேயன்றி, வேட்டையாடும் உரிமையைத் தர இயலாது. சிறு நிலங்களை ஒன்றுசேர்த்து நோக்கும் ஜெர்மானிய அணுகுமுறை மட்டும் நமக்குப் பயன்படக்கூடியது.

நடைமுறையில் செய்யத்தக்கவை

முதலாவதாக, விவசாயி தம் முறையீட்டைச் சேத விவரம், நில அளவை எண் ஆகியவற்றுடன் எழுத்து மூலம் ஊராட்சியில் பதிவு செய்வது நலம். ஆணையில் "குறிப்பிட்ட பகுதி" வரையறுக்கப்பட வேண்டும் என்று சட்டம் கூறுவதால், இவ்விவரங்கள் இன்றியமையாதவை.

இரண்டாவதாக, நிலத்தின் உரிமையாளரிடமும் பயிரிடுபவரிடமும் கையொப்பமிட்ட சம்மதம் பெற வேண்டும். நிலத்தின் எல்லை, அனுமதிக்கப்படும் நாட்கள், நேரம், துப்பாக்கியுடன் வருபவரின் பெயர் ஆகியவை அதில் இடம்பெறுவது முறையாகும். அன்றிரவு வயல் காவலிலோ இரப்பர் பால் வெட்டவோ ஆட்கள் இருப்பார்களா என்பதையும் கேட்டறிய வேண்டும். அண்டை நிலத்தாருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும், அடிபட்ட பன்றி எல்லை தாண்டினால் பின்தொடர அவர்களிடம் சம்மதம் பெற்றிருப்பதும் விபத்தையும் சச்சரவையும் தவிர்க்கும்.

மூன்றாவதாக, சுடுபவரிடம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும். ஊராட்சியின் ஆணையோ நிலக்காரரின் சம்மதமோ அவ்வுரிமத்திற்கு ஈடாகாது. தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவருவதால் அவ்வமயம் பணி தடைப்படுவதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்காவதாக, பன்றி இறந்தபின் வன அலுவலருக்குத் தெரிவித்து, விதிப்படி உடலைப் புதைத்து, பதிவேட்டில் குறிக்க வேண்டும். இறைச்சியை எடுத்துச் செல்வதோ விற்பதோ குற்றமாகும். வன உயிரினக் குற்றங்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

நேர்வழி அடைபட்டால்

நேர்வழி கடினமாக இருக்குமிடத்தில் குறுக்குவழி தழைக்கிறது. அதன் விலை மிகப் பெரிது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடிபொருள் வைத்த கனியால் வாயில் காயமுற்ற கருவுற்ற யானை ஒன்று ஆற்றுநீரில் நின்றவாறே உயிர்விட்டது. 2025 ஜூனில் மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில் பன்றிக்காக வைக்கப்பட்ட சட்டவிரோத மின்கம்பியில் சிக்கிப் பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கம்பியும் வெடியும் யாருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை. அருகில் வருவது பன்றியா சிறுவனா என்று பார்ப்பதுமில்லை.

சுடுவதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதையும் மறத்தலாகாது. காட்டுப்பன்றி விரைந்து இனம் பெருக்குவது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொல்வதால் எண்ணிக்கை நிலையாகக் குறையும் என்று எதிர்பார்க்க இயலாது. தரிசுத் தோட்டங்களின் புதர்களை அகற்றுதல், குப்பையையும் இறைச்சிக் கழிவையும் திறந்தவெளியில் கொட்டாதிருத்தல், சிறு உடைமையாளர்கள் கூட்டாக வேலியமைத்தல் ஆகியவை உடன் நடைபெற வேண்டும். இழப்பீடு கோர 1980-ஆம் ஆண்டிலேயே கேரளம் விதிகள் வகுத்துள்ளது. வன விலங்குகளால் ஏற்படும் பயிர் இழப்பைப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரிஃப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது.

1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வன உயிரினப் பாதுகாப்பைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே மத்திய அரசும் மாநில அரசும் இதில் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆயினும் இரவு வேளையில் வயலோரம் நிற்பவர்கள் விவசாயியும் துப்பாக்கி ஏந்தியவரும் பக்கத்து நிலத்துக்காரருமே. அவர்களிடையே எழுத்தில் அமைந்த சம்மதமும், ஊராட்சியின் பதிவேட்டில் ஒழுங்கான குறிப்பும் இருக்குமாயின், பயிரும் காக்கப்படும். மனித உயிரும் காக்கப்படும். சட்டம் காக்க முனையும் வன உயிரினமும் தேவைக்கு மேல் அழியாது. இவ்வொழுங்கை ஊர்தோறும் நிலைநாட்டுவது உள்ளாட்சி அலுவலர்களின் கடமையாகும்.